பழைய பாக்ஸ்டரில் கூலன்ட் குறைந்துகொண்டே போகிறதா? பெங்களூரில் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும் வழி

வெப்பநிலை காட்டும் மீட்டருக்குள் இருக்கும் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கு சிக்னலில் நிற்கும்போது மினுக்க ஆரம்பிக்கும். அன்றைக்கு அரை லிட்டர் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், ஊற்றுவீர்கள், அணைந்துவிடும், மூன்று வாரம் கழித்து மறுபடி மினுக்கும். இந்தச் சுழற்சியில் நான் எட்டு மாதம் கிடந்தேன். என்னுடையது 2004 போர்ஷே பாக்ஸ்டர், 986 என்று சொல்லும் முதல் தலைமுறை, 2.7 லிட்டர் எஞ்சின். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அந்த எட்டு மாதத்தில் தேவையே இல்லாமல் ஒரு வாட்டர் பம்ப் மாற்றினேன், அதற்கு மட்டும் கூலியோடு 46,000 ரூபாய். அப்புறமும் கூலன்ட் குறைந்தது. ஒழுகும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு பாகத்துக்கும் காசு கொடுக்காதீர்கள் என்று யாராவது முதல் நாளே என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தால் அந்தப் பணமும் மிஞ்சியிருக்கும், எட்டு மாதமும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

986-ஐ வைத்துத்தான் சொல்கிறேன். ஆனால் பழைய பிஎம்டபிள்யூ இசட்4, மெர்சிடிஸ் எஸ்எல்கே வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான், பாகங்கள் இருக்கும் இடம்தான் மாறும்.

1. முதலில் ஒரு நோட்டு போடுங்கள்

காலையில், வண்டி இரவு முழுக்க நின்று நன்றாகக் குளிர்ந்த பிறகு, சமதளத்தில் வைத்து அளவைப் பாருங்கள். 986-இல் கூலன்ட் டேங்க் பின் டிக்கிக்குள் இருக்கிறது, குறைந்த அளவு, அதிக அளவு என்று இரண்டு கோடுகள் தெரியும். தேதி, ஓடிய கிலோமீட்டர், அளவு, எத்தனை மில்லி ஊற்றினீர்கள் என்று எழுதுங்கள். சமையலறையில் இருக்கும் அளவுக் கோப்பை போதும் (அதை மறுபடி சமையலுக்கு எடுக்காதீர்கள், கூலன்ட் விஷம்).

இதை இரண்டு வாரம் செய்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும். என் நோட்டில் ஹோசூர் ரோடு மேம்பாலத்தில் எலக்ட்ரானிக் சிட்டி வரைக்கும் ஓடிய நாட்களில் ஒன்றும் குறையவில்லை. சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் நின்ற நாட்களுக்கு மறுநாள்தான் 100, 150 மில்லி குறைந்திருந்தது. சூடும் அழுத்தமும் ஏறும்போது மட்டும் திறக்கிற ஓட்டை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பயத்தில் மேல் கோட்டையும் தாண்டி ஊற்றுபவர்கள் நிறைய பேர். சூடானதும் கூலன்ட் விரியும், இடம் இல்லாவிட்டால் மூடி வழியாக வெளியே தள்ளிவிடும். பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டை நிற்கும், லீக் என்று நினைத்து மறுபடி ஊற்றுவீர்கள். குளிர்ந்த வண்டியில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் போதும்.

இன்னொன்று, இது விளையாட்டு இல்லை. சூடான வண்டியில் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருப்பது அழுத்தத்தில் இருக்கும் நூறு டிகிரிக்கு மேற்பட்ட திரவம், திறந்த நொடியில் முகத்துக்கு வரும். வழியில் முள் வலப்பக்கம் ஏறினால் ஓரம் கட்டி அணைத்துவிடுங்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் (சிலிண்டர்களை மூடும் உலோகப் பாகம்) விரிசல் விடலாம். பிளாட்பெட் வண்டிக்குச் சொல்லுங்கள், கொக்கி மாட்டி இழுத்துப் போகிற வண்டியில் ஏற்றாதீர்கள், தாழ்ந்த வண்டிக்கு முன் பம்பர் மிஞ்சாது.

2. எந்த வழியாகப் போகிறது என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கூலன்ட் காணாமல் போக மூன்றே வழிதான்: வெளியே ஒழுகலாம், எண்ணெயில் கலக்கலாம், எஞ்சினுக்குள் எரிந்து சைலன்சர் வழியாகப் போகலாம். பத்தில் ஒன்பது முறை வெளியேதான் என்று மெக்கானிக்குகள் சொல்வார்கள். என் அனுபவமும் அதுதான். ஆனாலும் மற்ற இரண்டையும் ஒரு பத்து நிமிடம் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அவை இரண்டும் எஞ்சினையே கொண்டுபோய்விடும்.

எண்ணெய் ஊற்றும் மூடியும் டிக்கியில்தான் இருக்கிறது. திறந்து பார்த்தால் குழாயில் வெண்ணெய் மாதிரி வெளிர்மஞ்சள் பசை ஒட்டியிருக்கலாம். பார்த்ததும் நெஞ்சு அடைக்கும், எனக்கும் அடைத்தது. உடனே முடிவுக்கு வராதீர்கள். இந்த வண்டியில் அந்தக் குழாய் நீளம், எஞ்சினை விட்டுத் தள்ளி வேறு இருக்கிறது. காலைக் குளிரில் வீட்டிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்குமாக ஓட்டினாலே உள்ளே ஈரம் படிந்து கொஞ்சம் அப்படி ஆகும். நந்தி மலை வரைக்கும் ஒரு நடை போய் வந்து, துடைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். மறுபடி திரண்டிருந்தால், அல்லது கூலன்ட் டேங்குக்குள்ளேயே எண்ணெய்ப் படலமோ கலங்கலோ தெரிந்தால், ஓட்டுவதை நிறுத்திவிட்டு நேராக 6-ஆம் படிக்குப் போங்கள்.

புகையும் அப்படித்தான். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து அடங்கினால் பயம் இல்லை. சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை தொடர்ந்தால்தான் கவலை. நீலம் கலந்த பெரிய புகைமூட்டமாக வந்தால் அது எண்ணெய்ப் பிரிப்பான் (எஞ்சின் ஆவியிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் பாகம்) பழுது, இந்த எஞ்சினில் அடிக்கடி வருவது, கூலன்ட்டோடு அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

3. கூலன்ட் மூடியை மாற்றுங்கள்

கண்ணால் பார்க்காமல் மாற்றலாம் என்று நான் ஒப்புக்கொள்ளும் ஒரே பாகம் இது. போர்ஷே இந்த மூடியைப் பலமுறை திருத்தி வெளியிட்டிருக்கிறது. பாக எண் 996 106 447 என்று தொடங்கும், கடைசி இரண்டு இலக்கம் திருத்தத்தைக் காட்டும். 04 என்று முடிவதை வாங்குங்கள். உங்கள் மூடியின் மேலேயே எண் அச்சாகியிருக்கும், 00, 01, 02 என்று இருந்தால் அது பழைய திருத்தம். எனக்கு ஆன விலை 3,900 ரூபாய்.

மூடி சும்மா மூடுவதற்கு மட்டும் இல்லை, அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வேலையும் அதற்குத்தான். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, இங்கே வெறும் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட், அதன் மேல் மூடி பிடிக்கும் அழுத்தம், இரண்டும் சேர்ந்தால் 120 டிகிரிக்கு மேல் போனால்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து போனால் அந்தக் காப்பு பாதி போய்விடும், சிக்னலில் நிற்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகவும் போகும்.

4. அழுத்தச் சோதனை: இதற்கு ஒரு இரவு ஒதுக்குங்கள்

நான் செய்த மிகப் பெரிய தவறு இதைப் பட்டறையில் பத்து நிமிடத்தில் முடிக்க விட்டதுதான். டேங்குக்குள் காற்றை அடிக்கும் பம்பை மாட்டினார்கள், அதன் அழுத்த முள் இறங்கவில்லை, “எங்கேயும் லீக் இல்ல சார், வாட்டர் பம்ப் சீல்தான் வீக்கா இருக்கும், மாத்திடலாம்” என்றார்கள். சரி என்று தலையாட்டினேன்.

கையால் அடிக்கிற அழுத்தப் பம்ப் செட் ஆன்லைனில் கிடைக்கிறது, நான் 3,800 ரூபாய்க்கு வாங்கினேன். வண்டி பாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டிலும் கேட்கலாம். வாங்குவதற்கு முன் உங்கள் டேங்கின் வாய்க்குப் பொருந்தும் அடாப்டர் அந்தப் பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள், இருபது அடாப்டர் இருந்தும் தேவையானது ஒன்று இல்லாமல் போவது சகஜம்.

வண்டி முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். மூடியைக் கழற்றி, அடாப்டரை மாட்டி, 1 பார் (பம்பின் முள் காட்டும் அழுத்த அளவு) வரைக்கும் அடியுங்கள். அதற்கு மேல் போகாதீர்கள், இருபது வருஷத்துப் பிளாஸ்டிக்கை நீங்களே உடைத்த மாதிரி ஆகிவிடும். முள் எங்கே நிற்கிறது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்து ஒரு போட்டோ, இரண்டு மணி கழித்து ஒன்று, காலையில் ஒன்று.

நான் இரவு பத்து மணிக்கு அடித்தேன். பதினொரு மணிக்கு முள் அப்படியே இருந்தது. காலை ஆறு மணிக்கு 0.7-இல் நின்றது. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு கூட இல்லை. அப்போதுதான் டிக்கிக்குள் கையை விட்டேன்.

டிக்கி விரிப்பு ஈரமாக இருப்பது எனக்கு மூன்று மாதமாகவே தெரியும். மழைத்தண்ணீர் என்று நினைத்திருந்தேன். கூரை மடங்கும் இடத்தில் இருக்கிற வடிகால் துளை இலை அடைத்துக்கொண்டால் இந்த வண்டியில் தண்ணீர் உள்ளே வரும், அதுவும் உண்மைதான். (அதையும் சுத்தம் செய்து வையுங்கள். உள்ளே வரும் தண்ணீர் இருக்கைக்கு அடியில் இருக்கும் இம்மொபிலைசர் (திருட்டுத் தடுப்பு) பெட்டியைக் கெடுத்துவிட்டால் வண்டியே கிளம்பாது.) ஆனால் அன்றைக்கு விரிப்பைக் கசக்கி, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தேய்த்துப் பார்த்தேன். வழுவழுவென்று இருந்தது. மழைத்தண்ணீர் வழுக்காது. முகர்ந்தால் வெல்லப்பாகு தீய்ந்த மாதிரி ஒரு மெல்லிய இனிப்பு வாடை. மழை நின்று ஆறு வாரம் ஆகியும் அந்த விரிப்பு ஏன் காயவில்லை என்று அதற்கு முன் நான் ஒரு தடவை கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

விரிப்பை முழுக்க வெளியே எடுத்து, டார்ச் அடித்து, ஒரு சின்னக் கண்ணாடியை டேங்குக்கு அடியில் நீட்டிப் பார்த்தேன். இரண்டு பாதிப் பிளாஸ்டிக்கை ஒட்டிய தையல் கோட்டில், கீழ் மூலையில், விரல்நீளத்துக்கு வெள்ளையும் ரோஸும் கலந்த ஒரு பொருக்கு. உப்பு பூத்த சுவர் மாதிரி. நகத்தால் சுரண்டியதும் கீழே தலைமுடி அளவு விரிசல், அதிலிருந்து ஒரு சொட்டு திரண்டு நின்றது. எட்டு மாதம் தேடியது அதுதான். 986-இல் இந்த டேங்க் விரிசல் விடுவது ஊரறிந்த விஷயம், வாங்கியவுடனேயே விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.

அழுத்தம் இறங்குகிறது, ஆனால் எங்கும் ஈரமே இல்லை என்றால் இரண்டு வாய்ப்பு. ஒன்று, கசிவு உள்ளே, 6-ஆம் படி. இன்னொன்று, கசிவது சூடான இடத்தில் உடனே காய்ந்துவிடுகிறது. அதற்கு புற ஊதாச் சாயம் ஊற்றிப் பார்க்க வேண்டும். கூலன்ட்டுக்கு என்று தனியாக விற்கும் சாயத்தை வாங்குங்கள், எண்ணெய்க்கும் ஏசிக்கும் உள்ளது வேறு. சாயமும் டார்ச்சும் சேர்த்து எனக்கு 1,100 ரூபாய். 200 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ராத்திரி இருட்டில் டார்ச் அடித்தால் கசிவு பச்சையாக ஒளிரும்.

5. டேங்க் இல்லையென்றால் அடுத்து எங்கே

நடு எஞ்சின் வண்டியில் ஒழுகுகிற இடம் ஒன்றாக இருக்கும், சொட்டுகிற இடம் வேறாக இருக்கும். எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால், ரேடியேட்டர்கள் மூக்குப் பக்கம், நடுவில் வண்டியின் வயிற்றுக்கு அடியில் நீளமான குழாய்கள், அதற்கும் கீழே பிளாஸ்டிக் தட்டுகள். தட்டில் விழுந்து, ஓடி, ஏதோ ஒரு துளையில் சொட்டும். அதனால் ராம்பில் ஏற்றித் தட்டுகளைக் கழற்றாமல் யாராவது தீர்ப்புச் சொன்னால் ஏற்காதீர்கள்.

வாட்டர் பம்ப் எஞ்சினின் முன்முகத்தில், அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் மூடியைத் திறந்தால் பெல்ட் தெரியும், பம்பைக் கீழிருந்து பார்க்க வேண்டும். சீல் போயிருந்தால் பம்பின் உடம்பில் இருக்கும் சின்னத் துளையிலிருந்து கோடு விட்டு காய்ந்த தடம் இருக்கும். தடம் இல்லை, பெல்ட் கழற்றிக் கையால் சுற்றினால் ஆட்டமும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் பம்பை விட்டுவிடுங்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: அசலில் உள்ளே சுழல்வது பிளாஸ்டிக் சக்கரம், சந்தையில் உலோகச் சக்கரம் வைத்ததும் வரும். உலோகம் என்றால் உறுதி என்று தோன்றும். ஆனால் பேரிங் தேய்ந்து ஆட்டம் கண்டால் அந்த உலோகம் எஞ்சின் பிளாக்கையே சுரண்டிவிடும், பம்பை மாற்றலாம், பிளாக்கை மாற்ற முடியாது. நான் பிளாஸ்டிக் பக்கம்தான். கழற்றிய பழைய பம்பில் பிளாஸ்டிக் இதழ் ஏதாவது உடைந்து காணாமல் போயிருந்தால், அந்தத் துண்டு உள்ளே எங்கோ இருக்கிறது, தேடி எடுக்கச் சொல்லுங்கள்.

முன் ரேடியேட்டர்கள் பெங்களூருக்கே உரிய தொல்லை. பம்பரின் இரண்டு பக்க வாயிலும் ஒவ்வொன்று இருக்கிறது, அதற்கு முன்னால் ஏசி கண்டென்சர். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் நம் ஊர் மரங்கள் கொட்டுவதெல்லாம் போய் உட்காரும். என் வண்டியில் பம்பரைக் கழற்றியபோது தபேபுயா பூ, குல்மோகர் இலை, தூங்குமூஞ்சி மரத்துக் காய் எல்லாம் மக்கி இரண்டு கை அள்ளும் அளவுக்கு உரமாகக் கிடந்தது. அந்த ஈரம்தான் அலுமினியத்தை அரித்து ரேடியேட்டரைக் கீழ் மூலையில் ஓட்டை போடுகிறது. பம்பர் கழற்றிச் சுத்தம் செய்ய கூலி 2,500 ரூபாய் கொடுத்தேன். வருஷத்துக்கு ஒரு முறை, பருவமழை முடிந்ததும், கட்டாயம். அதிக அழுத்தத் தண்ணீர்த் துப்பாக்கியைக் கிட்ட வைத்து அடிக்க விடாதீர்கள், இதழ்கள் எல்லாம் மடங்கிவிடும்.

ஹோஸ்களைக் கையால் அமுக்கிப் பாருங்கள். மொறமொறப்பு, வீக்கம், கிளிப் பக்கத்தில் ரோஸ் பொருக்கு, இந்த மூன்றில் எது இருந்தாலும் மாற்றுங்கள். வண்டியோடு வந்த ஸ்பிரிங் கிளிப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு திருகு கிளிப் போடுவது நம் பட்டறைகளின் வழக்கம். ஸ்பிரிங் கிளிப் சூட்டுக்கு ஏற்ப விரிந்து சுருங்கும், திருகு கிளிப் அப்படிச் செய்யாது. ஸ்பிரிங் கிளிப்பையே திரும்பப் போடச் சொல்லுங்கள்.

லீக் அடைக்கும் பவுடர், திரவம் எதையும் ஊற்ற ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓட்டையை அடைக்கிற அதே பொருள் ஹீட்டர் குழாயையும் ரேடியேட்டரின் மெல்லிய வழிகளையும் சேர்த்து அடைக்கும்.

6. உள்ளே கசிகிறதா?

டேங்குக்கு மேலே நிற்கும் காற்றை ஒரு நீலத் திரவம் வழியாக உறிஞ்சிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். திரவத்தில் கூலன்ட் பட்டுவிட்டால் முடிவு பொய்யாகிவிடும், அதனால் அளவைக் கொஞ்சம் குறைத்துவிட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

எண்ணெயும் கூலன்ட்டும் கலந்திருந்தால் பட்டறை உடனே “எஞ்சின் இறக்கணும்” என்று சொல்லும். ஹெட் விரிசலாக இருக்கலாம்தான். ஆனால் எஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கும் எண்ணெய் குளிர்விப்பானும் இதே மாதிரி கலக்கும், அது கழற்றி மாட்டுகிற பாகம். முதலில் அதைக் கழற்றித் தனியாக அழுத்தச் சோதனை செய்யுங்கள். பிறகுதான் ஹெட் பேச்சு.

7. பாகம் வாங்குவது: காகிதம், காசு, நாள்

எந்தக் கடையும் முதலில் கேட்பது ஆர்.சி. நகல். அதில் இருக்கும் 17 இலக்கச் சேசிஸ் எண்ணை வைத்துத்தான் சரியான பாக எண் எடுப்பார்கள். ஆர்.சி.யில் இருப்பதும் வண்டியில் பொறித்திருப்பதும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள். ‘2.7 பாக்ஸ்டர்’ என்று வாயால் சொல்லி வாங்காதீர்கள், வருஷத்துக்கு வருஷம் பாகம் மாறியிருக்கிறது.

எனக்கு மூன்று வழி இருந்தது. அதிகாரப்பூர்வக் கவுன்டரில் முன்பணம் கட்டி வரவழைப்பது, வரவழைத்த பாகத்தைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று எழுதி வாங்கினார்கள். ஜே.சி. ரோட்டில் ஜெர்மன் கார் பாகம் விற்பவர்களிடம் வேறு நிறுவனம் செய்த டேங்க், 14,000 ரூபாய். வெளிநாட்டிலிருந்து நானே கூரியரில் அசல் டேங்க் வரவழைப்பது, எல்லாம் சேர்த்து 31,000. டேங்கை மாற்றுகிற கூலியும் மெனக்கெடலும் இருமடங்கு ஆகக் கூடாது என்பதால் அசலையே வாங்கினேன்.

வெளிநாட்டிலிருந்து எடுக்கும்போது பட்டியல் விலையைப் பார்த்து ஏமாறாதீர்கள். பாகத்தின் விலையும் அனுப்பும் செலவும் சேர்ந்த தொகைக்குச் சுங்க வரி, அதையும் சேர்த்த தொகைக்கு ஜி.எஸ்.டி., அதற்கு மேல் கூரியர்காரர்களின் கையாள்கைக் கட்டணம். பில்லில் உண்மை விலை இருக்க வேண்டும். குறைத்துப் போடச் சொல்லி விற்பவரிடம் கேட்காதீர்கள், பொட்டலம் மாட்டிக்கொண்டால் அபராதமும் உங்களுக்குத்தான்.

அடையாளச் சரிபார்ப்புக்கு ஆதார் கேட்பார்கள். ஊரிலிருந்து இங்கே வேலைக்கு வந்த நம்மில் பாதிப் பேருக்கு ஆதாரில் இருப்பது ஊர் முகவரி. என்னுடையதில் திருவண்ணாமலை, பொட்டலம் வர வேண்டியது அல்சூருக்கு. முகவரி பொருந்தவில்லை என்று ஆறு நாள் நிறுத்தி வைத்தார்கள், வாடகை ஒப்பந்தமும் மின் கட்டண ரசீதும் அனுப்பிய பிறகுதான் விட்டார்கள். ஆர்டர் போடும் அன்றைக்கே இந்த மூன்றையும் தெளிவான கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள், பெயரை ஆதாரில் உள்ள எழுத்துப்படியே, இனிஷியல் உட்பட, ஆர்டரில் போடுங்கள். எனக்கு மொத்தம் 19 நாள் ஆனது.

இன்சூரன்ஸை நம்பி இருக்க வேண்டாம். சாதாரண மோட்டார் பாலிசி தேய்மானத்துக்கும் இயந்திரப் பழுதுக்கும் தராது. எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்ப்பதும் இத்தனை வயதான வண்டிக்குப் பொதுவாகக் கிடைப்பதில்லை. வண்டியின் ஆர்.சி. முதல் 15 வருஷத்துக்கு, பிறகு ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிப்பு நெருங்கினால் தகுதிச் சோதனைக்குப் போகும் முன் இந்த வேலையை முடித்துவிடுங்கள், அங்கே வரிசையில் எஞ்சின் ஓடியபடி நிற்பதுதான் இந்தப் பழுதுக்கு மிக மோசமான நேரம்.

8. பட்டறையில் கேட்டு வாங்க வேண்டியவை

கடைசியில் என் வேலையைச் செய்து கொடுத்தவர் சிவாஜிநகர் பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒரு அண்ணன். நான் காட்டிய போட்டோக்களைப் பார்த்துவிட்டு, “நீங்களே கண்டுபிடிச்சுட்டீங்க சார், எனக்கு மாட்டுற வேலைதான்” என்றார். நோட்டும் போட்டோவும் கையில் இருந்தால் பேச்சே மாறிவிடுகிறது.

ஜாப் கார்டில் ‘கூலன்ட் லீக்’ என்று மட்டும் எழுத விடாதீர்கள். ‘டேங்க் கீழ்த் தையலில் விரிசல், டேங்கும் மூடியும் மாற்ற, 1 பாரில் சோதனை செய்து காட்ட’ என்று எழுதி வாங்குங்கள். கழற்றிய பாகங்கள் உங்களுக்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பில்லில் பாக எண் இருக்கட்டும், நாளைக்கு வண்டியை விற்கும்போது அந்தப் பில்தான் பேசும். டேங்க் மாற்ற எனக்குக் கூலி 9,000, ஒரு முழு நாள் ஆனது. இரண்டு மணி நேரத்தில் முடிக்கிறேன் என்பவரிடம் இதற்கு முன் இந்த வண்டியில் செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். கீழ் ஹோஸ்களுக்குக் கை போவதே கஷ்டம்.

9. நிரப்புவதும் காற்று எடுப்பதும்

பாதிப் பட்டறைகள் தவறு செய்வது இங்கேதான். மொத்தக் கொள்ளளவு ஏறத்தாழ 17 லிட்டர், எல்லாம் வடியாது, எனக்கு 13 லிட்டர் போனது. போர்ஷே சொல்லும் ரகக் கூலன்ட்டும் டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி. கூலன்ட் 7 லிட்டர் 5,600 ரூபாய். பச்சை, நீலம் என்று கையில் கிடைத்ததைக் கலக்காதீர்கள், ரகம் மாறினால் உள்ளே கூழாகிவிடலாம். பட்டறைக் குழாயில் வருவது போர்வெல் தண்ணீராகவோ டேங்கர் தண்ணீராகவோ இருக்கும். வீட்டில் ஹீட்டர் காயிலில் படிகிற அதே சுண்ணாம்பு எஞ்சினுக்குள்ளும் படியும். டிஸ்டில்ட் வாட்டர் கேனை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள்.

டிக்கியில் கூலன்ட் மூடிக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் மூடாப்புக்கு அடியில், சின்னக் கம்பி வளையம் வைத்த ஒரு வால்வு இருக்கிறது. வளையத்தை மேலே தூக்கினால் காற்று வெளியேறும் வழி திறக்கும். தூக்கி வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, நிரப்பி, எஞ்சினைக் கிளப்பி, அளவு இறங்க இறங்க ஊற்ற வேண்டும். இறங்குவது நின்றதும் மூடி போட்டு, முள் 80-ஐத் தாண்டும் வரை மிதமான வேகத்தில் ஓடவிட்டு, நடுநடுவே ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்து விட்டால் உள்ளே மாட்டிய காற்று மேலே வரும். பிறகு அணைத்து, முழுக்க ஆறவிட்டு, மறுபடி நிரப்ப வேண்டும். எனக்கு ஆறவிடுவது உட்பட அரை நாள் பிடித்தது. வெற்றிடம் போட்டு நிரப்பும் கருவி வைத்திருக்கும் பட்டறை என்றால் ஒரு மணி நேரத்தில் முடியும், 1,000 ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம்.

காற்று மிச்சம் இருந்தால் ஹீட்டரில் சூடு வந்து வந்து போகும், டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் சலசலக்கும். முதல் ஒன்றிரண்டு நாளில் அளவு கொஞ்சம் இறங்குவது இந்தக் காற்று வெளியே வருவதால்தான், அதைப் பார்த்து லீக் போகவில்லை என்று மனம் உடைய வேண்டாம். எல்லாம் அடங்கியதும் கம்பி வளையத்தைக் கீழே அமுக்கி மூட மறக்காதீர்கள்.

வடித்த பழைய கூலன்ட்டைச் சாக்கடையிலோ தெருவிலோ ஊற்ற விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெருநாய்கள் நக்கும், கொஞ்சம் உள்ளே போனாலே சிறுநீரகம் செயலிழந்து செத்துப்போகும். கேனில் அடைத்து, மேலே ‘விஷம்’ என்று எழுதி, கழிவு எண்ணெய் எடுக்க வருபவர்களிடம் இதையும் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள். என் வண்டியில் வடித்ததை நானே நின்று அடைக்க வைத்தேன்.

10. அடுத்த ஒரு மாதம்

நோட்டைத் தொடருங்கள். முதல் வாரம் தினமும், பிறகு வாரம் ஒரு முறை, எப்போதும் அதே இடத்தில் வண்டியை நிறுத்தி. 500 கிலோமீட்டரில் ஒரு முறை அழுத்தப் பம்ப் மாட்டி இரவு முழுக்க விடுங்கள். என்னுடையது காலையில் 0.95-இல் நின்றது, இரவுக் குளிருக்கு அந்த அளவு இறங்குவது சரிதான். நெரிசலில் வேண்டுமென்றே ஒரு மாலை ஓட்டிப் பாருங்கள், முள் 80-க்குச் சற்று வலப்பக்கம் போய், முன்னால் விசிறி சத்தம் கேட்டு, திரும்ப இறங்க வேண்டும்.

டிக்கி விரிப்பைத் துவைத்துக் காய வையுங்கள், ஆனால் அந்த ஒரு மாதம் முடியும் வரை திரும்பப் போடாதீர்கள். டேங்குக்கு அடியில் ஒரு வெள்ளைக் காகிதத்தை விரித்து வைத்து, வாரம் ஒரு முறை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ரோஸ் நிறத்தில் ஒரு புள்ளி விழுந்திருந்தாலும் அன்றைக்கே பட்டறைக்குப் போன் செய்யுங்கள்.